யார் முகத்துக்கு அளந்த ஒளி?

(கம்மாபுரத்தில் நிகழ்த்திய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் தன் பெயரில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர். நாற்பது வருடம் நம் கூட்டங்களை, ஊர்வலங்களை, சாவுகளை, கல்யாணங்களைப் படம் எடுத்தவர். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். இந்த உரையிலும் அண்ணன் என்றே சொல்கிறோம்.

நினைவுரை என்றால் சாதி ஒழிப்பு பற்றி, இலக்கியம் பற்றி, இடஒதுக்கீடு பற்றிப் பேசுவார்கள். நாம் இன்று பேசப் போவது ஒளிப்படத்தை கம்ப்யூட்டரில் திருத்தும் மென்பொருளைப் பற்றி. இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு அண்ணன் இறந்த மறுநாள் காலையில் தொடங்கியது.

பேனர்

கடைத்தெருவில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினோம். ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளெக்ஸ் கடையில் சொல்லி அடித்து வாங்கி வந்தது. கட்டி முடித்து இறங்கி நின்று பார்த்தால், அதில் இருந்தவர் அண்ணன் இல்லை. மீசை அவருடையது. கண்ணாடி அவருடையது. முகம் மட்டும் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. நெற்றிச் சுருக்கம் இல்லை, கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு இல்லை. பேனரைப் பார்த்துவிட்டு அவருடைய அம்மா கேட்டார்: "யாருடா இது? எம் புள்ளய எங்கடா?"

கோபத்தோடு கடைக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கும் தம்பி நம் தெருப் பையன்தான். அவன் சொன்னான்: "எல்லாருக்கும் இப்படித்தான்ணே பண்றோம். பண்ணலன்னா திருப்பிக் கொண்டாந்துடறாங்க. சாஃப்ட்வேர்ல ஒரு பட்டன்தான், தானா ஆயிடும்."

தானாக ஆகிவிடும் என்ற அந்தச் சொல்லை நாங்கள் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம். சமூகவியல் படித்தவர்களுக்குத் தெரியும், எதுவும் தானாக ஆவதில்லை. தானாக ஆகிறது என்று நாம் நம்பும் இடத்தில் யாரோ ஒருவர் முன்பே முடிவு எடுத்து வைத்திருக்கிறார். சாதியும் அப்படித்தான் 'தானாக' நடக்கிறது.

சூளை சொல்லும் பாடம்

நம் வட்டாரத்தில் நிறத்தைப் பற்றிப் பேச வெளியூர் ஆள் தேவையில்லை. விருத்தாசலம் பீங்கான் ஊர். செராமிக் பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை என்று நம் ஆட்களில் எத்தனையோ பேர் சூளையில் வெந்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், நிறம் என்றால் என்ன என்று.

கோபால்ட் ஆக்சைடு பூசும்போது கறுப்புப் பொடி, வெந்து வரும்போது நீலம். தாமிரம் கலந்த கிளேஸ் நன்றாகக் காற்று போகும் சூளையில் பச்சை ஆகும். காற்றை அடைத்துப் புகை மூட்டினால் அதே தாமிரம் சிவப்பு ஆகும். வெள்ளைக் களிமண் மேல் ஒரு நிறம், செம்மண் மேல் அதே கலவை வேறு நிறம். அதனால்தான் சூளைக்காரர் எந்தப் புதுக் கலவையையும் நேராகப் பொம்மையில் பூசுவதில்லை. முதலில் சின்ன வில்லை ஒன்றில் பூசி வேக வைத்துப் பார்ப்பார். வில்லையின் பின்னால் கலவையையும் சூட்டையும் குறித்து வைப்பார். நிறம் பொருளில் மட்டும் இல்லை, அதை வேக வைக்கும் முறையிலும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஒளிப்படமும் சூளையில் வெந்துதான் வருகிறது. அந்தச் சூளையின் பெயர்தான் டோன் மேப்பிங்.

வேகாத படம்

கேமராவில் 'ரா' என்று ஒரு கோப்பு வகை உண்டு. பச்சையானது, வேகாதது என்று பொருள். கேமராவின் சென்சார் செய்வது ஒரே வேலை: தன் மேல் விழுந்த ஒளியை எண்ணுவது. அதற்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிற வடிகட்டி இருக்கும். நான்கு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்று நம் பையில் இருக்கும் போன் வரை பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இந்த எண்கள் படம் அல்ல. இதைப் படமாக்க நான்கு முடிவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, எதை வெள்ளை என்று கொள்வது. டியூப் லைட் ஒரு வெள்ளை, மதிய வெயில் ஒரு வெள்ளை, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வேறொரு வெள்ளை. இரண்டு, சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலத்தை மனிதக் கண்ணின் நிறமாக எந்தக் கணக்கில் மாற்றுவது. மூன்று, வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே இருக்கும் பெரிய தூரத்தை, தாளும் திரையும் காட்டக்கூடிய சின்னத் தூரத்துக்குள் எப்படி மடிப்பது. இதுதான் டோன் மேப்பிங். நான்கு, மடித்ததை எவ்வளவு மெருகேற்றுவது.

போனில் படம் எடுத்தால் இந்த நான்கு முடிவையும் போன் எடுத்து, ஜேபெக் என்ற வெந்த படத்தை நம் கையில் கொடுத்துவிடுகிறது. ரா கோப்பில் எடுத்தால் இந்த நான்கு முடிவும் நம் கைக்கு வருகின்றன. அண்ணன் கடைசிப் பன்னிரண்டு வருடமாக ரா கோப்பில்தான் எடுத்தார். "நம்ம சோத்த நாமளே ஆக்கிக்கணும்" என்பார்.

எண்களில் ஒரு முகம்

இங்கே கொஞ்சம் கணக்கு. மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நிறத்தைச் சரிபார்க்க உலகம் முழுக்க ஒரு வண்ண அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். 1976இல் வந்த மெக்பெத் கலர்செக்கர். 24 கட்டங்கள். முதல் கட்டத்தின் பெயர் 'கறுத்த தோல்', இரண்டாவதன் பெயர் 'வெளிர் தோல்'. கறுத்த தோல் கட்டம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 10 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெளிர் தோல் கட்டம் ஏறக்குறைய 36 சதவீதத்தை. வெளுத்த வேட்டி 80 சதவீதம் அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம்.

14 பிட் ரா கோப்பில் மொத்தம் 16,384 படிகள். ஒளி பாதியாகக் குறையும்போதெல்லாம் படிகளும் பாதியாகக் குறையும். மேலே இருக்கும் முதல் அடுக்குக்கே 8,192 படி போய்விடும். அடுத்த அடுக்குக்கு 4,096, அதற்கடுத்து 2,048, பிறகு 1,024. வேட்டியை உச்சியில் நிறுத்திப் படம் எடுத்தால், வெளிர் முகம் 4,096 படி உள்ள அடுக்கில் உட்காரும். கறுத்த முகம் 1,024 படி உள்ள அடுக்கில் உட்காரும். நான்கில் ஒரு பங்கு.

அப்படியானால் இயற்பியலே நமக்கு எதிரானதா என்று கேட்கலாம். இல்லை தோழர்களே, இதுதான் முக்கியமான இடம். நாம் பார்க்கும் சாதாரண ஜேபெக் படத்தில் மொத்தமே 256 படிதான். ஒரு முகத்துக்கு 1,024 படி என்பது தாராளம். தழும்பு, சுருக்கம், வியர்வை, கன்னத்து மினுமினுப்பு எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. சென்சார் நம்மை விலக்கவில்லை. விலக்கம் அடுத்த கட்டத்தில், மடிக்கும்போது நடக்கிறது.

கேமராக்களில் முன்கூட்டியே வைத்திருக்கும் வளைவு பெரும்பாலும் வளைந்த 'எஸ்' எழுத்து வடிவில் இருக்கும். அது நடுவில் இருக்கும் ஒளியை விரித்துக் காட்டும்; கீழே இருக்கும் ஒளியை அமுக்கும். நடு எது? ஒளிமானிகள் நெடுங்காலமாக 18 சதவீதச் சாம்பல் என்ற கணக்கை ஒட்டி நடுவைத் தீர்மானிக்கின்றன. வெளிர் முகம் நடுவுக்கு மேலே, விரியும் பக்கத்தில். கறுத்த முகம் நடுவுக்குக் கீழே. அது நிழலில் நின்றால், பக்கத்தில் வெள்ளைச் சட்டை இருந்தால், அமுங்கும் பக்கம் போய்விடும். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் பின்வரிசையில் நின்றவர்களில் சிலருக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும், நினைவிருக்கிறதா? அந்தப் பிள்ளைகளின் முகம் கேமராவுக்குள் வந்தது. வெளியே வரும்போது மடிப்பில் மாட்டிக்கொண்டது.

இதற்கு மருந்து என்று வந்த நிழல் தூக்கும் பட்டன் இன்னொரு பிழை செய்கிறது. நிழலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தூக்கினால், முகத்தின் மேடு பள்ளம் தட்டையாகிச் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். வளைவைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியாகப் போட்டால் பழுப்பு நிறம் ஆரஞ்சுப் பக்கம் நழுவும். நம் கல்யாண ஆல்பங்களில் பெண் ஆரஞ்சாகவும் மாப்பிள்ளை சாம்பலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

யார் நடு?

நடு என்பது எங்கிருந்து வந்தது? கோடக் நிறுவனம் அச்சுக் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். அந்த அட்டைக்கு ஷெர்லி அட்டை என்று பெயர். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதன் வரலாற்றை எழுதினார். கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் படம் சரியாக வரவில்லை என்று சொன்னது பல காலம் கேட்கப்படவில்லை. மர நாற்காலி செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னபோது பிலிம் திருத்தப்பட்டது. நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை அடக்க உதவிய பாஸ் புத்தகத்தில் படம் ஒட்ட போலராய்டு கேமரா பயன்பட்டது. இதை 1970இல் கண்டுபிடித்து எதிர்த்தவர்கள் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள். ஏழு வருடப் போராட்டம். 1977இல் நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அழகுப் படத்தில் நம்மைக் காட்டாத தொழில்நுட்பம், கண்காணிக்கும்போது மட்டும் நம்மை நன்றாகக் காட்டும்.

இன்றைய கம்ப்யூட்டர்களும் இதே வழியில் வந்தவைதான். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த தோல் வகைகள் முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே. பழுப்பும் கறுப்பும் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. 2022இல் எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் வகுத்த 10 நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அளவுகோல் வகுப்பது பொறியாளர் வேலை மட்டும் இல்லை.

நிறம் சாதி அல்ல

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கறுப்பு என்றால் தலித், வெளுப்பு என்றால் ஆதிக்கச் சாதி என்று நாம் பேசத் தொடங்கினால் எதிரியின் புத்தகத்தைத்தான் வாசிக்கிறோம். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் கேமராவும் கையுமாகத்தான் வந்தார்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று 8 தொகுதிகளில் சாதி வாரியாகப் படம் போட்டது காலனி அரசு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், தலையை அளந்தார். 1909இல் 7 தொகுதி வெளியிட்டார். ஜெர்மனியில் லூஷான் என்பவர் தோலோடு ஒட்டிவைத்து நிறம் பார்க்க 36 கண்ணாடி வில்லைகள் செய்தார். சூளைக்காரர் வில்லையை வைத்துக் கலவையைத் தெரிந்துகொள்கிறார். இவர்கள் வில்லையை வைத்து மனிதரைத் தரம் பிரித்தார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் இதே மூக்களவுப் புள்ளிவிவரங்களை எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். அவர்களுடைய எண்ணைக் கொண்டே அவர்களுடைய கோட்பாட்டைத் தோற்கடித்தார். அளவீட்டை வெறுப்பது நம் வழி இல்லை. அளவீட்டைக் கைப்பற்றுவதுதான் நம் வழி என்று நாம் அவரிடம் கற்கிறோம்.

ஆகவே நாம் பேசுவது நிறப் பெருமை அல்ல. நம் தெருவில் எல்லா நிறத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள், எதிர்த் தெருவிலும் இருக்கிறார்கள். வெயிலில் வேலை செய்கிறவர் முகமும் நிழலில் உட்கார்ந்திருப்பவர் முகமும் ஒரே மாதிரி இராது. அந்த முகத்தைக் கழுவித் துடைத்து ரோஜா நிறமாக்கும்போது அழிவது நிறம் மட்டும் அல்ல, அவர் செய்த வேலையின் வரலாறும் சேர்ந்துதான்.

நாம் தோற்ற வழக்கு

இனிச் சொல்லப் போவது நம் அமைப்பின் தவறு. மேடையில் சொல்லக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பல வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் பொதுப்பாதையில் நடந்ததற்காக நம் பெண் ஒருவரை அடித்தார்கள். தோளிலும் முதுகிலும் அடி. அன்று ராத்திரி உறவினர்கள் போனில் படம் எடுத்தார்கள். போனில் தோலை வழவழப்பாக்கும் வசதி தானாக ஓடிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. படத்தில் முதுகு வழவழவென்று இருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் கேட்டார்கள்: "அடி எங்கே?"

வெளிர் தோலில் அடிபட்டால் சிவந்து, நீலம் பாரிக்கும். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான். கறுத்த தோலில் அந்த நிற மாற்றம் எளிதில் தெரியாது. வீக்கம் தெரியும், சூடு தெரியும், தொட்டால் வலி தெரியும். இரண்டு மூன்று நாளில் தோல் இன்னும் கறுத்துப் பளபளக்கும். மூன்றாம் நாள் அண்ணன் கேமராவோடு போனார். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, ஒளி பக்கவாட்டில் விழ, வீக்கம் நிழல் போட, ரா கோப்பில் எடுத்தார். மென்பொருளில் நிழல் அடுக்கை விரித்தபோது கம்பு பட்ட தடம் இரண்டு கோடாகத் தெளிந்து வந்தது. பார்த்தவர்கள் அழுதார்கள்.

பிறகு என்ன செய்தோம்? அதில் ஒரு படத்தைச் சுவரொட்டிக்காக இன்னும் அழுத்தமாக்கினோம். தடத்தைக் கறுப்பாக்கினோம், சுற்றிலும் இருட்டாக்கினோம். அடுத்த கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று மெமரி கார்டை அழித்தோம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் சுவரொட்டியைக் காட்டிக் கேட்டார்: "இது திருத்திய படம்தானே? மூலப்படம் எங்கே?" நம்மிடம் மூலப்படம் இல்லை. அந்தப் பெண் கூண்டில் நின்றபடி நம்மைத் திரும்பிப் பார்த்தார். படங்களைச் சான்றாக வைக்க முடியாமல் போனது.

அன்று அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "அவன் வெளுக்க வச்சான், நாம கறுக்க வச்சோம்" என்று மட்டும் சொன்னார்.

நம்முடைய பட்டன்

அவர் சொன்னது அந்த வழக்குக்கு மட்டும் இல்லை. வலியைக் காட்ட வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளை, அழுத்தமான மாறுபாடு, ஒவ்வொரு சுருக்கத்தையும் கீறிக் காட்டும் பட்டன் என்று நமக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அதுவும் ஒரு மடிப்புதான். அதிலும் யாரோ நமக்காக முடிவு செய்திருக்கிறார்கள்: தலித் என்றால் துயரம், துயரம் என்றால் இருட்டு என்று.

நம் பகுதியில் முந்திரி உடைக்கும் பெண்களின் கையைப் பாருங்கள். முந்திரித் தோட்டு எண்ணெய் தோலைச் சுட்டு விரல்களைக் கறுப்பாக்கிவிடும். அண்ணன் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் அந்தப் பெண்ணின் முழங்கை ஒரு பழுப்பு, விரல் நுனி வேறொரு கறுப்பு. பிறந்த நிறமும் வேலை கொடுத்த நிறமும் ஒரே கையில். மாணவர் ஒருவர் அந்தப் படத்தை ஆயத்த அமைப்பு ஒன்றில் போட்டு அழுத்தமாக்கினார். இரண்டு கறுப்பும் ஒன்றாகிவிட்டன. படம் 'சக்திவாய்ந்ததாக' இருந்தது. ஆனால் தோலைச் சுட்டது எண்ணெய் என்ற செய்தி அதில் இல்லை. அது இயற்கையான கறுப்புக் கை ஆகிவிட்டது. முதலாளி கையுறை கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு, மென்பொருளில் ஒரு இழுப்பில் மறைந்துபோனது.

துல்லியம் என்றால் குளிர்ந்த விஷயம், அறிவியல்காரர்களுக்கு உரியது என்று நினைக்கிறோம். இந்தக் கைக்குத் துல்லியம்தான் அரசியல். மதுரை மாவட்டத்திலிருந்து வந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர்களையும் கடலோரப் பெண்களையும் பல வருடமாகப் படம் எடுக்கிறார். 2017இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக்கொடுக்கிறார். கேமரா அந்தப் பிள்ளைகள் கைக்குப் போவதோடு வேலை முடிவதில்லை. படம் வெந்து வரும் சூளையும் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

நம் அமைப்பு இந்த ஒரு வருடத்தில் வகுத்துக்கொண்ட நடைமுறையைச் சொல்கிறோம். மற்ற ஊர்த் தோழர்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, முகத்துக்கு ஒளி அளக்க வேண்டும், வேட்டிக்கு அல்ல. கேமராவில் புள்ளி அளவீட்டை வைத்து முகத்தில் அளக்கலாம். போனிலும் முகத்தில் விரலை வைத்து அழுத்தினால் அளவு அங்கே நிற்கும். தோலை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். பல போன்களில் இப்போது ரா கோப்பாகச் சேமிக்கும் வசதியும் இருக்கிறது.

இரண்டாவது, ஒவ்வொரு இடத்திலும் முதல் படம் சாம்பல் அட்டையோடு. அதே நிழலில், அதே முகத்தின் பக்கத்தில். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தாலும் அந்த அட்டையைக் கொண்டு வெள்ளையைச் சரிசெய்யலாம். வண்ண அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மென்பொருள் 24 கட்டத்துக்கும் சேர்த்துச் சராசரிப் பிழை குறைவு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். கறுத்த தோல் கட்டத்தின் பிழை எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். சராசரிக்குள் யாரை மறைக்கிறார்கள் என்று கேட்பது நம் பழைய வேலை.

மூன்றாவது, டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்கள் போதும். இவை மூலக்கோப்பைத் தொடுவதில்லை. நாம் செய்த திருத்தங்களைப் பக்கத்தில் தனிக்குறிப்பாக எழுதி வைக்கும். சூளைக்காரர் வில்லையின் பின்னால் எழுதுவது போல. எந்தத் திருத்தம் செய்தோம் என்று யார் கேட்டாலும் காட்டலாம்.

நான்காவது, சான்றுப் படம் வேறு, சுவரொட்டிப் படம் வேறு. காயத்தைத் தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, நெருங்கி ஒன்று; அளவுகோல் வைத்தும் வைக்காமலும் எடுக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களிலும் எடுக்க வேண்டும். பெண் தோழர் பக்கத்தில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் சம்மதம் வேண்டும். அன்றே கோப்பின் ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு கொடுக்கும் சான்றிதழில் இந்த எண்ணையும் கேட்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. அந்த வீடியோவில் நம் ஆளின் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதும் நம் உரிமை.

படம் மட்டும் போதாது. மருத்துவமனைக் குறிப்பில் வீக்கம், வலி, சூடு எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, 1969இல் தீண்டாமை பற்றி அறிக்கை கொடுத்தது. ஊர் ஊராகக் கேட்டு எழுதிய சான்று அது. சான்று சேர்ப்பது இந்த மண்ணின் மரபு. நம் கையில் இப்போது இன்னொரு கருவி கூடியிருக்கிறது.

ஐந்தாவது, கடைசியானது. அச்சிடும் முன் படத்தை அந்த ஆளிடம் காட்ட வேண்டும். திரை ஒரு நிறம் காட்டும், ஃபிளெக்ஸ் வேறு நிறம் காட்டும். சின்னதாக ஒரு மாதிரி அடித்து, பகல் வெளிச்சத்தில் அவர் கையில் கொடுத்து, "இது நீங்களா?" என்று கேட்க வேண்டும். சிலர், "இன்னும் கொஞ்சம் வெளுப்பா வைப்பா" என்பார்கள். அப்போது நாம் பிரசங்கம் செய்யக் கூடாது. எழுபது வருடம் வெளுப்புதான் அழகு என்று கேட்டு வளர்ந்த ஒருவரை ஒரு நிமிடத்தில் திருத்த நாம் யார்? இரண்டு மாதிரியும் அடித்துக் காட்டலாம். எப்போதும் இருந்த ஒரு வழியோடு இன்னொரு வழியும் உண்டு என்று அவர் பார்க்கட்டும்.

மேடையில் இருக்கும் படம்

அண்ணனின் ஹார்டு டிஸ்க்குகளும் பழைய நெகட்டிவ்களும் இப்போது நம் அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. அதில் அவருடைய படம் மிகக் குறைவு. எடுத்தவர் அவர்தானே. ஒன்றே ஒன்று ரா கோப்பாகக் கிடைத்தது. ஒளி பார்ப்பதற்காகச் சாம்பல் அட்டையைத் தன் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு தானே எடுத்துக்கொண்ட சோதனைப் படம். அதை ஃபிளெக்ஸ் கடைத் தம்பியையே கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லோரும் சேர்ந்து திருத்தினோம். வெள்ளையை அட்டைக்குச் சரிசெய்தோம். வளைவின் நடுவை அவர் முகத்துக்கு நகர்த்தினோம். வேறு எதையும் தொடவில்லை. நான்கு மாதிரி அடித்து அம்மாவிடம் கொண்டுபோனோம்.

அம்மாவுக்குப் பார்வை மங்கல். வாசலுக்கு வந்து வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவதைத் தன் முன்னங்கையோடு ஒட்டி வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கன்னத்துத் தழும்பை விரலால் தடவி, "அம்ம போட்டப்ப அஞ்சு வயசு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது மாதிரிதான் இன்று மேடைக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தத் தம்பி இப்போது கடையில் ஒரு சாம்பல் அட்டை வைத்திருக்கிறான். பேனர் அடிக்க வருகிறவர்களிடம், "உள்ளபடியே வைக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்கிறான். பத்தில் எட்டுப் பேர் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்களாம். இரண்டு பேர் சரி என்கிறார்கள். அந்த இரண்டிலிருந்து நாம் தொடங்குவோம்.

வழக்கில் நம்மைத் திரும்பிப் பார்த்த அந்த அக்கா இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். இந்த மேடையிலிருந்தும் கேட்கிறோம். இனி ஒரு மூலப்படம்கூட அழியாது என்று அவருக்குச் சொன்ன வாக்கை, உங்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்து இங்கே பதிவு செய்கிறோம்.

ஜெய்பீம்.